ஆளுக்கொரு பெட்டி

“ரெண்டு பெட்டி எதுக்குப்பா? போறது நீங்க ஒருத்தர்தானே!”

“ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு அவளுக்கு,” என்றார் அப்பா, கம்பளிக் காலுறைகளை உருண்டையாகச் சுருட்டியபடி.

மகளின் கை தேநீர்க் கோப்பையோடு அந்தரத்தில் நின்றது. அம்மா இறந்து மூன்று வருடமாகிறது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பெட்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாளைக்குப் பனிக்கடலைச் சுற்றிப் பார்க்கக் கப்பல் ஏறுகிறார். வழியனுப்ப வந்த மகளுக்கு, அவரை அனுப்பலாமா என்பதே இப்போது சந்தேகமாகிவிட்டது. புத்தி தடுமாறிய மனிதரைத் தனியாகக் கப்பலேற்றுவதும் கிணற்றில் பிடித்துத் தள்ளுவதும் ஒன்றுதான்.

கட்டிலின் மேல் இரண்டு குவியல்கள். ஒன்று அப்பாவுடையது. மற்றதில் பெண்கள் போடும் கம்பளிச் சட்டை, பூப்போட்ட கையுறை, முழங்கால் வரை வரும் பூட்ஸ். மகள் ஒரு பூட்ஸைத் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் அம்மாவின் இரண்டு காலும் சேர்ந்தே நுழைந்துவிடும்.

“சைஸ் ரொம்பப் பெருசா இருக்கேப்பா?”

“குளிர்ல ரெண்டு சாக்ஸ் போட்டுத்தானே காலை விடணும்! உனக்கு என்ன தெரியும்?”

அடுத்து அவள் கையில் அகப்பட்டது ஒரு நீச்சல் உடை. கருநீலம். குளியலறை வாளியைத் தவிர வேறெந்தத் தண்ணீரையும் நம்பாதவள் அம்மா.

“பனிக்குள்ள போறீங்க. இது எதுக்குப்பா?”

“கப்பல்ல வெந்நீர்க் குளம் இருக்காம். தலை மேல பனி விழும், கழுத்து வரைக்கும் வெந்நீர்ல உக்காந்துக்கலாம். அவளுக்கு ரொம்ப நாள் ஆசை.”

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள். கப்பலின் வட்ட ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மலைகள் சத்தமில்லாமல் நகர, காலியான பக்கத்துக் கட்டிலிடம் அப்பா பேசிக்கொண்டிருப்பது அவள் கண்முன் ஓடியது. கட்டில் பதில் சொல்லவில்லை. அப்பா அதைப் பொருட்படுத்தவும் இல்லை.

இரண்டாவது பெட்டி எது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. கெட்டியான சிவப்புப் பெட்டி ஒன்று, சாம்பல் நிறத் துணிப்பெட்டி ஒன்று. பிடிக்காததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தாராம். அப்பா இரண்டையும் ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். முதலில் சாம்பலை உயர்த்திக் காட்டினார். பிறகு சிவப்பை. பிறகு வெளியே பார்த்துச் சிரித்தார்.

மகள் எட்டிப் பார்த்தாள். மூன்று மாடிக்குக் கீழே, மழையில் நனைந்தபடி வரிசையாகக் கார்கள். எதிலோ ஒன்றில் விளக்கு மின்னி அணைந்தது. மற்றபடி தெருவில் ஈ காக்கை இல்லை.

“சிவப்புதானாம்,” என்றார் அப்பா. “துணிப்பெட்டின்னா மடிச்சுக் கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாத்தானே!”

மகள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குடும்ப டாக்டருக்கு போன் செய்தாள்.

“தனக்குத்தானே பேசறாராம்மா?”

“இல்ல டாக்டர். ஜன்னல்ல நின்னு பெட்டியைக் காட்டிக் காட்டி அம்மாகிட்ட கேக்கறார்.”

“பதில் வருதாமா?”

“வருதாம். சிவப்புன்னு.”

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “எதிர்த்துப் பேசாதீங்க. முகம் சுளிக்காதீங்க. அவர் சொல்றதுக்கெல்லாம் சரின்னு சொல்லி, நைசா இங்க கூட்டிட்டு வந்துடுங்க. கப்பலை அப்புறம் பாத்துக்கலாம்.”

மகள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். நீச்சல் உடையை எடுத்து, அழகாக மடித்து, சிவப்புப் பெட்டிக்குள் தன் கையாலேயே வைத்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தே போயிட்டு வாங்கப்பா. எனக்குச் சந்தோஷம்தான்.”

சுருட்டிய காலுறை அப்பாவின் கையிலிருந்து உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

“நிஜமாவா சொல்றே?”

“நிஜமாத்தான்.”

“மனசாரவா? எனக்காகச் சொல்லலியே?”

“மனசாரத்தான்ப்பா. அவ்வளவு தூரம் தனியா போனா நீங்க யாரோட பேசுவீங்க?”

அப்பா கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். கம்பளித் தொப்பியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீ வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பேன்னு பயந்துக்கிட்டு இருந்தோம்மா. எப்படிச் சொல்றதுன்னே தெரியாம தொண்டையிலேயே நின்னுடுச்சு.”

மகளுக்கும் கண் கலங்கிவிட்டது. அவர் தோளில் கை வைத்தாள். “சரி, எழுந்திருங்க. காத்தாட ஒரு நடை வெளியில போயிட்டு வரலாம்.”

அப்பா அதைக் காதிலேயே வாங்கவில்லை. விறுவிறுவென்று ஜன்னலுக்குப் போய்க் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கீழே ஒரு காரின் விளக்குகள் படபடவென்று மின்னின.

“நீ சரின்னு சொன்னாத்தான் படியேறுவேன்னு காலையிலேருந்து கார்லயே உக்காந்திருக்கா,” என்றார் அப்பா. “உன் புதுச் சித்தியை நீயே போய்க் கூட்டிட்டு வர்றியாம்மா?”