யாருக்குப் பதிலாக?

"என் பொண்ணுக்கு இங்க என்னத்தச் சொல்லிக் குடுத்து அனுப்புறீங்க?"

ஞாயிறு பள்ளி முடிந்து, குட்டி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த டீச்சர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் உட்காரும் ஏழு வயது வாயாடியின் அம்மா. கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"வாங்கம்மா. பாப்பா ஏன் இன்னிக்கு வரலை?"

"எப்படி வருவா? உட்காரவே முடியல அவளால. அவங்க அப்பா பெல்ட்டால விளாசிட்டாரு. எல்லாம் உங்க பாடத்தால!"

"என் பாடத்தாலயா?"

"ஒருத்தர் பண்ணின தப்புக்கு இன்னொருத்தர் தண்டனை வாங்கிக்கலாம்னு போன வாரம் சொன்னீங்களா, இல்லையா?"

"இயேசு நம்ம பாவத்தையெல்லாம் தன்மேல ஏத்துக்கிட்டாரு, அதுதான் ரட்சிப்புன்னு சொன்னேன். அது அவர் ஒருத்தரால மட்டும் முடிஞ்ச காரியம்மா. பிள்ளைங்க செய்யணும்னு நான் சொல்லலையே!"

"ஏழு வயசுக்கு அந்த வித்தியாசமெல்லாம் புரியுமா? நேத்து அவரோட புது போன் தண்ணில ஊறிப் பாழாப் போச்சு. 'எவ பார்த்த வேலை இது?'ன்னு வீடே அதிரக் கத்துனாரு. இவ போய் 'நான்தாம்பா'ன்னு நிக்கிறா. அந்த போனை அவ தொடக்கூட இல்ல டீச்சர்! ஏன்டி பொய் சொன்னேன்னு கேட்டா, 'இயேசப்பாவும் இப்படித்தானே செஞ்சாரு'ங்கிறா. இனிமேலும் அவளே வாங்கிக்குவாளாம்!"

டீச்சர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே போட்டார். பெற்ற பிள்ளையை பெல்ட்டால் அடிக்கிறவனெல்லாம் ஒரு அப்பனா?

"அப்போ நிஜமா பண்ணினது யாரு? அவ அக்காவா?"

அம்மா தலை குனிந்துகொண்டாள். பெரிய மகளைக் காட்டிக்கொடுக்கப் பெற்ற மனசுக்கு வருமா என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

"சரி, சொல்ல வேண்டாம். பாப்பாவுக்கு அடி விழறப்ப அந்த ஆளு எங்க இருந்துச்சு?"

"சமையலறைக் கதவுக்குப் பின்னாடி."

"எல்லாத்தையும் பார்த்துக்கிட்டா?"

"ஆமா."

"வாயைத் திறக்கலையா?"

"திறக்கல. பயம்."

"பயமாம் பயம்! ஏழு வயசுப் பிள்ளைக்கு இல்லாத பயமா?" டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. "பச்சைப் பிள்ளை அடி வாங்குறதை ஒளிஞ்சு நின்னு வேடிக்கை பார்த்திருக்கு! சோறுதானே தின்னுது? இப்பவே இங்க கூட்டிட்டு வாங்க. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன்."

அம்மா நகரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கேளுங்க டீச்சர். அவர் சட்டைப் பையைப் பார்க்காம பக்கெட்டுல ஊறவெச்சது நான்தான். தினம் எனக்கு விழுற அடியைத்தான் நேத்து அவ வாங்கிக்கிட்டா."