ஜன்னல் கொண்டி

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மகன் கட்டிக்கொடுத்த வீட்டின் ஜன்னலோரம் தனியாக நிற்கிறார். இருபுறமும் தெர்மகோல் போன்ற கெட்டி நுரைப்பலகை, நடுவில் கான்கிரீட் என்று எழுப்பிய சுவர் வெயிலையும் அண்டவிடாது, சத்தத்தையும் அண்டவிடாது. உச்சி வெயில் அகலமான ஜன்னல் திண்டோடு நின்றுவிடுகிறது. கண்ணாடிக்கு வெளியே ஒரு பஸ் போகிறது. அதன் டிரைவர் ஹாரனை ஓங்கி அழுத்துவது தோளசைவில் தெரிகிறது. காதில்தான் ஒன்றும் விழவில்லை. இவருடைய கட்டைவிரலும் காற்றில் ஒருமுறை அழுத்துகிறது. கொண்டியை நீக்கி ஜன்னலை விரியத் திறக்கிறார். அனலும் இரைச்சலும் முகத்தில் வந்து மோதுகின்றன. ஏசி மூச்சிரைக்கத் தொடங்குகிறது. சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறார். சற்று நேரத்தில் அது அடிக்கிறது.

“அப்பா, மறுபடியும் ஜன்னலைத் திறந்துட்டீங்களா? ஜன்னல் திறந்திருக்குன்னு இங்க என் ஃபோன்ல அலாரம் கத்துது. எத்தனை வாட்டி சொல்றது, குளிரெல்லாம் வெளிய போயிடும்ப்பா!”

“மறந்தே போச்சுப்பா. சாப்பிட்டியா?”

“மீட்டிங்ல இருக்கேன். முதல்ல மூடுங்க.”

“இதோ மூடிட்டேன். குரல் ஏன் கம்மியிருக்கு? சளியா?”

மகன் எப்போதோ வைத்துவிட்டிருக்கிறான். அவர் ஜன்னலை மூடுகிறார். தெரு மறுபடி ஊமையாகிறது. கொண்டியிலிருந்து கை மட்டும் இன்னும் இறங்கவில்லை.