வண்டிக்கு நல்ல தண்ணீர்

"டேய், யாரும் களத்துல கால வெக்காதீங்க. வண்டி படுத்துக்கிச்சு!"

ரைஸ் மில் முதலாளி தாண்டவராயன் உதட்டில் விரலை வைத்தார், தொட்டிலில் பிள்ளையைப் போட்டவர் மாதிரி.

மூட்டை தூக்குகிற எல்லப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படுத்தது பிள்ளையும் இல்லை, பசுவும் இல்லை. யுத்த காலத்தில் மிலிட்டரிக்காரன் ஓட்டித் தேய்த்து, பிறகு ஏலத்தில் தள்ளிவிட்ட தூக்கு வண்டி. முன்னால் இரண்டு இரும்புக் கை. பலகையோடு பத்து மூட்டை நெல்லை அலாக்காகத் தூக்கும்.

முதலாளி அதை மெட்ராஸிலிருந்து உத்திரமேரூருக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது கோழி அடைகாக்கத்தான் லாயக்காக இருந்தது. உயிர் கொடுத்தவன் ஞானதாஸ். ஆவடி டிப்போவில் வேலை பார்த்த மானாம்பதி மெக்கானிக். எஞ்சின் ரிங்கை மாற்றி, துருப்பிடித்த சங்கிலியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒழுகின பம்புக்குத் தோலில் வாஷர் வெட்டிப் போட்டு, ஒருநாள் கிளப்பியும் விட்டான். இப்போது ஓட்டுவதும் அவன்தான்.

அதோடு விட்டானா? வைத்தியம் பார்த்தவன் பத்தியமும் சொன்னான்.

உச்சிவெயிலில் வண்டி ஓடக்கூடாது. கொட்டகையில் ஒரு மணி நேரம் ஆற வேண்டும். அது ஆறும்போது களத்தில் யாரும் நெல்லைக் கிளறக்கூடாது. தூசி எழும்பினால் கார்பரேட்டர் போச்சு. ரேடியேட்டருக்குக் குட்டைத் தண்ணீர் ஆகாது. முதலாளி வீட்டுக் கிணற்று நல்ல தண்ணீர்தான் வேண்டும், தினம் இரண்டு தவலை.

தாண்டவராயன் எதற்கும் மறுபேச்சுப் பேசவில்லை. ஏதாவது உடைந்தால் சீமைக்குத்தான் எழுதிப் போட வேண்டும் என்று ஞானதாஸ் கிளப்பிவிட்ட பயம் அப்படி. கொட்டகைக்குப் புதுக் கீற்று வேய்ந்தார். தவலைகளை வீட்டு ஆளே சுமந்து வந்து வைத்தான். தூசிக்குப் பயந்து முதலாளிகூட அந்த நேரத்தில் களத்து ஓரமாகவே நின்று குரல் கொடுத்தார்.

எல்லப்பனின் வயிற்றெரிச்சல் அந்தத் தவலைகளில்தான் இருந்தது. அவன் சேரி ஆட்கள் யாரும் அந்தக் கிணற்றுக் கயிற்றைத் தொட்டதில்லை. அவன் பெண்டாட்டி சிட்டம்மாள் இதே களத்தில் நெல் கிளறுகிறவள், பிள்ளைத்தாய்ச்சி. வெயிலில் தலை சுற்றுகிறது, மத்தியானம் கொஞ்சம் உட்காரட்டும் என்று வண்டி வருவதற்கு முன்னால் அவன் கெஞ்சியபோது முதலாளி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "உக்கார்றவ வூட்டுல உக்காரட்டும்."

எல்லப்பன் லாரியோடு போகிற ஆள். மத்தியானத்தில் மில்லில் இருக்கமாட்டான். அன்றைக்கு லாரி வரவில்லை. போதாக்குறைக்கு, முந்தாநாள் மெட்ராஸ் போனவன் ஹார்பரில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

நேரே கொட்டகைக்குள் நுழைந்தான். ஞானதாஸ் சங்கிலிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான்.

"இன்னா மெக்கானிக்கே, ஹார்பர்ல இதே வண்டிங்க கீது. கொளுத்தற வெயில்ல ஓடிக்கினே கீது. ஒண்ணாவது படுக்கணுமே!"

"மெதுவா பேசுப்பா."

"இன்னாத்துக்கு? வண்டி முழிச்சுக்குமா? எம்பொண்டாட்டிக்கு இல்லாத நெழலு இந்த இரும்புக்கா? நீயும் நம்ம ஜனம்தானேய்யா. காக்கி டவுசர் போட்டதும் முதலாளி ஆளா பூட்ட. இரு, உன் வண்டவாளத்த இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிடறேன்."

"தாராளமா சொல்லு," என்றான் ஞானதாஸ். "இதுக்கு ஓய்வும் வாணாம், ஒண்ணும் வாணாம். எல்லாம் நான் வுட்ட கதைதான். சொல்றதுக்கு முன்னாடி வண்டிக்கு அந்தாண்ட ஒருவாட்டி பாத்துட்டுப் போ."

எல்லப்பன் எட்டிப் பார்த்தான்.

களத்துப் பெண்கள் அத்தனை பேரும் கீற்று நிழலில் கிடந்தார்கள். களத்தில் கால் வைக்கக்கூடாதென்றால் வேறு எங்கே போவார்கள்? சிட்டம்மாள் சக்கரத்தில் சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தவலைகள். ஒன்று காலி.

"ரேடியேட்டரு ஒரு சொம்புதான் குடிக்கும்," என்றான் ஞானதாஸ். "மனுசனுக்கு ஓய்வு குடுங்கன்னா அவரு குடுப்பாரா? நீதான் கேட்டுப் பாத்தியே."

"இவ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"நான்தான் சொல்ல வாணாம்னேன். பொம்பளைங்க வாயத் தொறக்க மாட்டாங்க. நீங்கதான் ஊரக் கூட்டுவீங்க."

கொஞ்ச நாளாக அவள் தலைசுற்றலைப் பற்றிப் பேசவே இல்லை என்பது எல்லப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

களத்து ஓரத்தில் செருப்புச் சத்தம்.

"டேய் எல்லப்பா! உள்ள இன்னாடா சத்தம்? ஹார்பர்ல இதே மாதிரி வண்டியப் பாத்தேன்னு காலையிலேர்ந்து சொல்லிக்கினு கீறியாமே? வெளிய வந்து சொல்லு. அங்க எப்படி ஓட்றாங்க?"

ஞானதாஸின் கை அப்படியே நின்றது. ஒரு வார்த்தை போதும். வண்டி எழுந்துவிடும். கூடவே சிட்டம்மாளும் எழுந்து வெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

எல்லப்பன் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். வெளியே வந்து, முதலாளி மாதிரியே உதட்டில் விரலை வைத்தான்.

"மெதுவா பேசுங்க முதலாளி. அங்கல்லாம் வண்டிய சாயந்தரமும் ஒருவாட்டி படுக்க வெக்கிறாங்க. தண்ணியும் ரெண்டு தவலை பத்தாதாம்."