உதைக்காத தோட்டா

"டாக்டர் கண்ணுல பட்டா என்ன பண்ணுவ டார்லீன்?"

"படட்டும்னுதான் இவ்வளவு பாடு" என்றபடி டார்லீன் இடக்கையால் தோட்டா நிரப்பும் கருவியின் கைப்பிடியை அழுத்தினாள். பித்தளை உறையின் வாயில் இன்னொரு குண்டு இறங்கி உட்கார்ந்தது.

கணவன் ஆர்லோ மிச்சமிருந்த குண்டுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தான். வழக்கமாக அவள் போடுவதில் பாதி எடைகூட இல்லை.

"இது குண்டா, வேர்க்கடலையா?"

போன வசந்தத்தில் குதிரை தள்ளியதில் அவள் வலது தோள் முறிந்துவிட்டது. தகடு வைத்த டாக்டர், இனி ஆயுசுக்கும் சுடும்போது துப்பாக்கி பின்னால் இடிக்கும் உதை அந்தத் தோளில் படக்கூடாது, நன்றித் திருநாள் துப்பாக்கிச் சுடும் போட்டியை அடியோடு மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். மூன்று வருடமாகப் பரிசு வான்கோழியைத் தூக்கி வருகிறவளிடம் சொல்கிற பேச்சா இது? அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. உதைதானே கூடாது? குண்டு இளைத்து, வெடிமருந்தும் குறைந்தால் உதையும் இளைத்துவிடுமே. அன்றிலிருந்து கராஜே கதியென்று கிடந்தாள். அத்தனை லேசான குண்டு தாழப் போய் விழுந்தது. துப்பாக்கியின் பின்பக்கக் குறிமுள்ளை ஏற்றினாள், சுட்டாள், மறுபடி ஏற்றினாள்.

சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஊரே கூடியிருந்தது. எல்லோரும் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள். அடுத்தவர் தோட்டாவைக் குறை சொல்லாவிட்டால் அவர்களுக்குக் காப்பி ருசிக்காது.

கடைசிச் சுற்றில் டார்லீனும் கர்ட்டிஸும்தான் மிஞ்சினார்கள். மூன்று வருடமாக அவளிடம் தோற்று இரண்டாவதாக வருகிறவர் கர்ட்டிஸ். இந்த வருடம் வான்கோழி தனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"நீங்க வீட்டுல இல்ல இருக்கணும்?" என்றார், முகம் சுண்டிப்போய்.

"இருந்து பாத்தேன். போரடிச்சுது."

அவர் அவளுடைய தோட்டா ஒன்றை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டினார். "இது குறி அட்டை வரைக்கும் போகாது. பாதி வழியிலயே காத்து தூக்கிட்டுப் போயிடும்."

கூட்டம் சிரித்தது. டார்லீன் சுட்டாள். துப்பாக்கி அவள் தோளைச் செல்லமாகத் தட்டியதோடு சரி. வெடித்ததா என்றுகூட ஒருவர் கேட்டார். மூன்று முறை சுட்டு முடித்தபோது அட்டையின் நடுப்புள்ளி இருந்த இடத்தில் ஒரே ஓட்டைதான் இருந்தது.

கர்ட்டிஸின் துப்பாக்கி இடி மாதிரி முழங்கியது. மூன்றுமே ஓரத்தில் விழுந்தன. இறக்கி வைக்கும்போது அவர் விரல்கள் நடுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

வான்கோழியை ஆர்லோ தூக்கிக்கொண்டான். டார்லீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கர்ட்டிஸிடம் போய் இடக்கையை நீட்டினாள்.

"திங்கக்கிழமை தோளைக் காட்ட வர்றேன், டாக்டர். உங்க கை நடுக்கம் அதுக்குள்ள நின்னுடும்ல?"