ஏறுவதற்கு முன் ஐந்து கேள்விகள்

“என்ன மாப்ள, பரீட்சையா எழுதுற? டிக்கப் போட்டுட்டு ஏறித் தொலை!”

ஃபோர்மேன் கத்தியது, கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் மூன்றாவது மாடிவரை கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினான்.

ஃபோர்மேன் வேறு யாருமில்லை, திட்டு வாங்கிய கிரேன்காரனின் மனைவிக்கு அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்த புண்ணியவான். வாங்கிக் கொடுத்ததை ஆறு வருடமாக ஒரு நாள் விடாமல் சொல்லிக் காட்டுகிற புண்ணியவான். அவன் தயவில் கிரேன்காரனுக்கு இங்கே ‘சிபாரிசு’ என்றே பேர் விழுந்துவிட்டது. நேற்று வந்து சேர்ந்தவன்கூட அப்படித்தான் கூப்பிடுகிறான்.

நேற்று சாப்பாட்டு நேரத்திலும், அத்தனை பேர் முன்னால், “இவனக் கட்டினது என் தங்கச்சி தலையெழுத்து” என்று மச்சான் சிரித்தான். கூடவே எல்லாரும் சிரித்தார்கள். கிரேன்காரனும் வெட்கங்கெட்டுப்போய்ச் சிரித்துவைத்தான்.

இப்போது அவன் தலையைத் தூக்கவில்லை. முன்னால் ஒரு காகிதம். கிரேனில் ஏறுகிறவன் தினமும் காலையில் தன்னைத்தானே பரிசோதித்து எழுத வேண்டிய காகிதம். மொத்தம் ஐந்து கேள்வி.

ஆறு வருடத்தில் அதை அவன் படித்ததே இல்லை. டிக், டிக், கையெழுத்து, தீர்ந்தது.

இன்றைக்குப் படித்தான்.

நன்றாகத் தூங்கினீர்களா? தூங்கினான். அதுதான் அசிங்கம். கட்டை மாதிரி தூங்கியிருக்கிறான்.

தலைசுற்றல் உண்டா? இல்லை. மது அருந்தினீர்களா? சத்தியமாக இல்லை. பார்வை தெளிவாக உள்ளதா? அதற்கென்ன கேடு. அவ்வளவு உயரத்திலிருந்தும் மச்சானின் மஞ்சள் ஹெல்மெட் பளிச்சென்று தெரிகிறது.

ஐந்தாவது: உங்கள் மனநிலையில், இன்று யார் உயிருக்கும் ஆபத்தில்லாமல் கிரேனை இயக்க முடியுமா?

எவன்டா இதை எழுதினவன் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசி ரூமில் உட்கார்ந்து எழுதியிருப்பான். ஆனாலும் வீட்டில் ஒருத்தரும் கேட்காததைக் கேட்டுத் தொலைத்திருக்கிறான்.

‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டான். அழுத்திய அழுத்தில் காகிதம் கிழிந்தது.

ஃபோர்மேன் வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தான். ஓஹோ, நேற்றைய சமாச்சாரமா என்று நினைத்துக்கொண்டான்.

நேற்று மத்தியானம், சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில், கிரேனில் தொங்கிய கம்பிக்கட்டு சரேலென்று இறங்கி ஃபோர்மேன் தலைக்கு ஒரு முழம் மேலே நின்றது. பிரேக் போய்விட்டது என்றார்கள். நல்ல நேரத்தில் பிடித்தானப்பா என்று சிபாரிசின் முதுகைத் தட்டினார்கள். ஆறு வருடத்தில் கிடைத்த முதல் பாராட்டு.

“பயந்தாங்கொள்ளி! பிரேக்குல ஒரு கோளாறும் இல்லன்னு மெக்கானிக் எழுதிக் குடுத்துட்டான்ல? கீழ நிக்கப்போறவன் நானு, உனக்கென்ன வந்துச்சு?”

கிரேன்காரன் சாவியை மேசைமேல் வைத்தான். வேலை போய்விடும். கையாலாகாதவன் என்று மனைவி காறித் துப்புவாள். துப்பட்டும்.

பிரேக்கில் கோளாறு இல்லை என்பது அவனுக்கு நேற்றே தெரியும். லீவரைத் தள்ளியது அவன் கைதான். கடைசி நொடியில் இழுத்துப் பிடித்ததும் அதே கைதான்.

இன்றைக்கும் அது பிடிக்குமா என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.