முகம் தெரியணும்

“முதுகைப் போட்டோ எடுத்துப் பேப்பர்ல போடவா?” என்று கேட்டார் தலைமை மருத்துவர்.

தொட்டிலைச் சுற்றி நின்ற புது நர்ஸுகள் தரையைப் பார்த்தார்கள். ஏழாம் மாதமே பிறந்துவிட்ட குழந்தை, மூக்கில் மூச்சுக் குழாயோடு குப்புறப் படுத்திருந்தது. கை காலை மடக்கி, சுற்றிலும் துணிச்சுருளை அணைகட்டி, அப்படிப் படுக்க வைப்பது எப்படி என்றுதான் பெரிய சிஸ்டர் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார்.

“இப்படிப் படுத்தாதான் பாப்பாவுக்கு மூச்சு சுலபமா வருது, டாக்டர். காலையில மல்லாத்திப் பாத்தோம், திணறிடுச்சு.”

“மெஷின் நன்கொடை குடுத்தவரு, விழாவுல பாப்பா முகத்தைப் பாக்கணுங்கறாரு. முன்னறையில, புது மெஷின் பக்கத்துல மல்லாத்திப் போடுங்க. அரை மணி நேரந்தானே.”

“அரை மணி நேரம் மூச்சை அடக்குன்னு பாப்பாகிட்ட யாரு சொல்றது?”

“பாடத்தை அவங்களுக்கு எடுங்க, சிஸ்டர். எனக்கு வேண்டாம்.”

மூலை நாற்காலியில் குழந்தையின் தாய் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். பெரிய சிஸ்டர் அவளை ஒருமுறை பார்த்தார்.

“சரிங்க டாக்டர். முகம் நல்லாவே தெரியும்.”

முன்னறையில் விழா அமர்க்களப்பட்டது. தொட்டிலில் புருவம் வரை குல்லாய், கழுத்து வரை போர்வை, மூக்கில் குழாய். “கிருமி ஒட்டிக்கும், தள்ளியே நில்லுங்க” என்று ஒரு புது நர்ஸ் தொட்டிலுக்குக் காவல் நின்றாள்.

கொடையாளர் தள்ளி நின்றே கண்ணீர் விட்டார். படத்தில் சரியாக விழவில்லை என்று புகைப்படக்காரர் சொன்னதும், பெருந்தன்மையோடு இன்னொரு முறை விட்டார்.

பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தும் ஒரு சிணுங்கல்கூட இல்லை. “என்ன சமத்து” என்று உருகினார் கொடையாளர். “எங்க கவனிப்பு அப்படி” என்றார் தலைமை மருத்துவர், கேமராவைப் பார்த்தபடியே. குழந்தையைப் பார்க்க அவருக்கு எங்கே நேரம்?

பெரிய சிஸ்டர் மட்டும் விழா முடியும்வரை உள்ளறையை விட்டு வரவில்லை. கூட்டம் கலைந்ததும் தலைமை மருத்துவர் அவரையும் நர்ஸுகளையும் முன்னறைக்கு வரவழைத்தார்.

“எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க. திணறும், அடைக்கும்னு சிஸ்டர் என்னமா பயமுறுத்தினாங்க. இவ்வளவு நேரம் மல்லாந்துதானே கிடந்துச்சு? என்ன ஆயிடுச்சு?”

பெரிய சிஸ்டர் நிதானமாகச் சொன்னார்.

“பயிற்சிப் பொம்மைக்கு என்ன டாக்டர் ஆகும்?”