தம்பிக்கு ஒரு கார்

“கடைசியா ஒரு தடவை எல்லாத்தையும் நானே பார்த்து வச்சுடறேன்” என்று சொல்லிவிட்டு, அவள் காரின் பானெட்டைப் பழைய துணியால் துடைத்தாள். அவள் கணவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. இவளைப் போய் பிடிவாதக்காரி என்று நினைத்தோமே!

கார் அவளுடையது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்து, கண் விழித்துச் சேர்த்த காசில் வாங்கியது. அதைத்தான், புது வேலையில் சேரப் போகிற தன் தம்பிக்குத் தருவதாக அவன் வாக்குக் கொடுத்திருந்தான். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அப்ப நான் டூட்டி முடிஞ்சு, ஆளில்லாத பஸ் ஸ்டாப்புல ராத்திரியில தனியா நிக்கணுமா? என் கார், நான் குடுக்க மாட்டேன்” என்று வாரம் முழுக்க வீட்டை இரண்டாக்கினாள். நேற்று என்ன தோன்றியதோ, சட்டென்று தலையாட்டிவிட்டாள். மதியத்துக்குள் வந்து எடுத்துக்கொள் என்று இவன் உடனே தம்பிக்குச் சொல்லிவிட்டான். எங்கே அவள் மனசு மாறிவிடுமோ என்ற பயம்தான்.

வீட்டு வாசலில் சமமான சிமென்ட் தரை. அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டையைச் செருகினாள். சக்கர நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு, அடியில் குனிந்து, ஜாக்கி வைக்க வேண்டிய கெட்டியான இடத்தைத் தடவிப் பார்த்து, அங்கே அதை வைத்தாள்.

காரின் முன்பக்கம் மெல்ல எழும்பியது. உடனே அவள் இரும்பு ஸ்டாண்டுகளை இழுத்தாள்.

“அதான் ஜாக்கி போட்டுத் தூக்கியாச்சே! அந்த ஸ்டாண்டெல்லாம் எதுக்கு?” என்றான் கணவன்.

“ஜாக்கி தூக்கறதுக்கு. தாங்கறதுக்கு ஸ்டாண்ட். ஜாக்கியை நம்பி அடியில தலையைக் குடுக்கறவ நான் இல்ல.”

“நாலு செங்கல்லை அடுக்கினா போச்சு. தம்பி வந்துடுவான்.”

“செங்கல் பொடிஞ்சா கூடவே பொடியறது என் மண்டை. தம்பி வந்தா காத்திருக்கட்டும். அவசரம்னா நீங்க செங்கல்லை வச்சு, நீங்களே அடியில போய்ப் படுங்க.”

அவன் படுக்கவில்லை. ஆயிலை எந்த மூடியைத் திறந்து ஊற்றுவது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் யோசனை சொல்வதில் மட்டும் குறை வைத்ததில்லை.

முன்பக்கம் இரண்டு, பிறகு பின்பக்கத்தையும் தூக்கி இரண்டு என்று ஸ்டாண்டுகளைக் கொடுத்து, ஜாக்கியை இறக்கினாள். பாரம் முழுக்க ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் தோளைக் கொடுத்து ஓர் இடி இடித்துப் பார்த்தாள். கார் அசையவில்லை. அப்புறம்தான் சக்கரங்களைக் கழற்றினாள்.

“ஆயில் மாத்தறேன்னுதானே சொன்னே? சக்கரத்தை எதுக்குக் கழட்டறே?”

“பிரேக்கைப் பார்க்க வேண்டாமா?”

“அதுவும் சரிதான். தம்பி கொஞ்சம் வேகமா ஓட்டுவான்.”

அந்த நேரம் பார்த்து, அவளோடு வேலை பார்க்கும் சிநேகிதி ஒரு வேனை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். சக்கரங்கள் ஒவ்வொன்றாக வேனுக்குப் போயின.

“டயர் கடைக்கா? நல்லாக் காத்துப் பிடிச்சுட்டு வரச் சொல்லு” என்று கணவனும் பெரிய மனசு பண்ணிக் கை கொடுத்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு சக்கரங்களை அவனே உருட்டிக்கொண்டு போய் ஏற்றினான்.

“இதையும் ஏத்திடுங்க” என்று அவள் ஜாக்கியைக் காட்டினாள். தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் முக்கி முனகி ஏற்றிவிட்டான். விட்டுக்கொடுத்த பெண்டாட்டிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

“பத்திரம்டி” என்றாள் அவள். சிநேகிதி சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் நிமிரவே இல்லை. பழைய ஆயிலை வடித்தாள், புது ஆயிலை ஊற்றினாள், பிரேக்கில் அப்பியிருந்த தூசியைத் துடைத்தாள். இவ்வளவு ஆசையாக வைத்திருக்கும் வண்டியைப் பிடுங்கிக் கொடுக்கிறோமே என்று அவனுக்கு ஒரு நிமிஷம் உறுத்தத்தான் செய்தது. ‘எங்க அண்ணன் மாதிரி வருமா’ என்று தம்பி ஊரெல்லாம் சொல்லப் போவதை நினைத்ததும் உறுத்தல் போன இடம் தெரியவில்லை.

தம்பி வந்தான். புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. வாசலுக்குள் நுழைந்தவன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான்.

“என்னண்ணே, கார் அந்தரத்துல நிக்குது?”

“சக்கரம் இப்ப வந்துரும்டா. உனக்காக உங்க அண்ணி காலையிலேர்ந்து உயிரை விட்டுக்கிட்டு இருக்கா” என்றான் அண்ணன் பெருமையாக. பிறகு அவள் பக்கம் திரும்பினான். “அந்த டயர் கடைக்கு ஒரு போனைப் போடேன்.”

“டயர் கடைன்னு நான் எப்பங்க சொன்னேன்?” என்றாள் அவள், கையிலிருந்த ஆயிலை நிதானமாகத் துடைத்துக்கொண்டே. “சக்கரமெல்லாம் என் சிநேகிதி வீட்டுல இருக்கு. ஜாக்கியும் அங்கதான். எனக்கு எப்ப டூட்டியோ, அப்ப வரும்.”

அவன் பிடித்துக்கொண்ட இடுப்பைத் தடவிவிட்டுக்கொண்டான். “தம்பிக்குக் குடுக்கறேன்னு நேத்து தலையாட்டினியே!”

அவள் சாவியை எடுத்துத் தம்பியின் உள்ளங்கையில் போட்டாள்.

“எடுத்துட்டுப் போங்க தம்பி, யாரு தடுத்தா?”